ஒரு முழ இடைவெளி

யாழ்ப்பாணத்தில் என் வயதுக்காரரிடம் பழைய நண்பன் ஒருவனைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். எந்தப் பள்ளிக்கூடம், எந்த ஆண்டு என்பதெல்லாம் பிறகுதான் வரும். "அவன் என்னோடை கே.கே.எஸ். றோட்டாலை வாறவன்" என்பதுதான் முதல் அறிமுகம். கே.கே.எஸ். என்றால் காங்கேசன்துறை. ஒரே வகுப்பில் இருந்தும் பலாலி வீதியால் வந்தவர்கள் எங்களுக்குக் கொஞ்சம் தூரத்து ஆட்கள். வேறு பள்ளிக்கூடத்தில் படித்தாலும் இணுவிலிலிருந்து நகரம் வரை பக்கத்தில் சைக்கிளில் ஓடிவந்தவன் வீட்டு ஆள்.

1990க்கும் 1995க்கும் இடைப்பட்ட யாழ்ப்பாணத்தைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. போரைப் பற்றி, பொருளாதாரத் தடையைப் பற்றி, இடப்பெயர்வுகளைப் பற்றி. ஒரு நகரம் முழுவதும் கூட்டம் கூட்டமாகச் சைக்கிளில் ஓடித்திரிந்ததை அந்த எழுத்துகள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகின்றன. எனக்கு அந்த ஒரு வரி போதவில்லை. மின்சாரமும் தொலைபேசியும் இல்லாத, இருட்டினால் வீட்டுக்குள் அடங்கிவிடுகிற ஊரில் நாங்கள் பேசிப் பழகி ஆளானது இரண்டு ஹாண்டில்களுக்கு நடுவே இருந்த ஒரு முழ இடைவெளியில்தான்.

எங்கள் குடாநாடு சைக்கிளுக்கென்றே அமைந்த நிலம். சுண்ணாம்புக் கல்லின் மேல் விரித்துப் போட்ட தட்டை மண். மூச்சு வாங்க வைக்கிற ஓர் ஏற்றம்கூட இல்லை. நகரத்திலிருந்து மானிப்பாய் ஏறத்தாழ 7 கிலோமீற்றர், சுன்னாகம் 10, சாவகச்சேரி 15. நல்ல கால் உள்ளவனுக்குப் பருத்தித்துறையும் ஒரு காலைப்பொழுதுத் தூரம்தான். போருக்கு முன்பே, மினிபஸ்களும் அரசாங்கத்தின் இ.போ.ச. பஸ்களும் மொறிஸ் மைனர் வாடகைக் கார்களும் ஓடிய காலத்திலேயே, வாத்தியார், கிளாக்கர், தோட்டக்காரர், தபால்காரர் எல்லாரும் சைக்கிள்காரர்கள்தான். அப்பாவின் றலி சைக்கிளை அவர் வெள்ளிக்கிழமைகளில் எண்ணெய் போட்டுத் துடைப்பதை ஒரு பூசை மாதிரி நான் பார்த்து வளர்ந்திருக்கிறேன். ஆனால் அப்போது சைக்கிள் வீதியின் ஓரத்து வாகனம். பஸ் கோர்ன் அடித்தால் மண்ணுக்கு இறங்க வேண்டும். இரண்டு பேர் பக்கத்துப் பக்கமாக ஓடினால் பின்னால் வருகிற வான்காரன் ஏசிவிட்டுப் போவான்.

1990 ஜூனில் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை மறுபடி தொடங்கியது. ரயில் நின்றது. மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், பற்றரி, சவர்க்காரம் என்று வடக்குக்குப் போகக்கூடாத பொருட்களின் பட்டியல் நீண்டது. குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கிற ஆனையிறவுப் பாதை மூடப்பட்டது. சில மாதங்களுக்குள் வீதியின் சத்தமே மாறிவிட்டது. எஞ்சின் ஓசை அடங்கிய பிறகுதான் செயின் கவரில் உராய்கிற சங்கிலியின் சத்தமும், பெல் சத்தமும், எதிரே வருகிறவர்களின் பேச்சும் இவ்வளவு தூரத்துக்குக் கேட்கும் என்று தெரிந்தது.

மோட்டார் சைக்கிள்கள் முற்றாக மறைந்துவிடவில்லை. கார்பரேற்றருக்குள் சில துளி பெற்றோலைச் சொட்டவிட்டு உதைத்துக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடினார்கள். பின்னால் வெள்ளைப் புகை கிளம்பும், கண் எரியும். அதையும் வைத்தியரும் கொஞ்சம் வசதி உள்ளவர்களும்தான் வைத்திருந்தார்கள். மற்ற எல்லாருக்கும் சைக்கிள். கோழி, விறகு, நெல்மூட்டை, வாழைக்குலை, நோயாளி எல்லாம் சைக்கிளில்தான் போயின. பகலில் ஆளைச் சுமந்த அதே சைக்கிளை இரவில் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் பீபீசி தமிழோசை கேட்டோம். செய்தி முடியும்வரை கையை நிறுத்தக்கூடாது. எங்கள் வீட்டில் அது என் வேலை. பக்கத்து வீட்டு ஐயா காதை ரேடியோவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, "சுத்து தம்பி, சுத்து" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

அப்படிக் கேட்ட செய்தி அடுத்த நாள் காலையில் வீதிக்கு வந்துவிடும்.

காலை ஏழு மணிக்கு முதலில் சுன்னாகத்துப் பெடியள் வருவார்கள். மருதனார்மடத்தில் இரண்டு பேர் சேருவார்கள். இணுவில் சந்தியில் நான். தாவடியில், கொக்குவிலில், குளப்பிட்டிச் சந்தியில் ஒவ்வொருவராக ஒழுங்கைகளிலிருந்து வந்து கலந்துகொள்வார்கள். யாரும் யாருக்காகவும் இறங்கி நிற்பதில்லை. வேகத்தைக் கொஞ்சம் குறைப்போம். ஒழுங்கை வாசலில் ஒரு காலை மதகில் ஊன்றிக்கொண்டு நிற்கிறவன் ஒரு மிதி மிதித்து உள்ளே சேர்ந்துவிடுவான். வராதவன் வீட்டு ஒழுங்கையைக் கடக்கும்போது இரண்டு பெல் அடிப்போம். பதிலுக்கு உள்ளிருந்து அவனுடைய அம்மாவின் குரல் வரும்: "அவனுக்குக் காய்ச்சல் தம்பியவை, வரமாட்டான்." நாச்சிமார் கோயிலடிக்கு வரும்போது பன்னிரண்டு, பதினைந்து பேர் கொண்ட கூட்டம். தட்டாதெருச் சந்தியில் அது பிரியத் தொடங்கும்.

வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு அது ஒழுங்கில்லாத கும்பலாகத்தான் தெரிந்திருக்கும். உள்ளே கறாரான ஒழுங்கு இருந்தது. யாரும் சொல்லித்தராத ஒழுங்கு.

வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை சோளகக் காற்று. தென்மேற்கிலிருந்து வரும். வடக்கேயிருந்து நகரத்துக்கு ஓடுகிறவனுக்கு அது முன்பக்கமாக, வலது தோளில் அடிக்கும். எங்களில் பலசாலி வலப்பக்கத்தில், அரைச் சில்லு முன்னால் ஓடுவான். அடுத்தவன் அவனுக்கு இடப்பக்கமாகக் கொஞ்சம் பின்னால். மூன்றாமவன் இன்னும் பின்னால். இப்படிச் சாய்வாக ஓடினால் கடைசி ஆளுக்குக் காற்றே தெரியாது. குட்டையானவர்களும், காலையில் தேத்தண்ணி மட்டும் குடித்துவிட்டு வந்தவர்களும் அந்த மறைப்பில் வருவார்கள். பல ஆண்டுகள் கழித்துத் தொலைக்காட்சியில் ஐரோப்பியச் சைக்கிள் பந்தயங்களைப் பார்த்தபோது, பக்கக் காற்றில் வீரர்கள் வீதிக்குக் குறுக்காகச் சாய்வுக்கோட்டில் அணிவகுப்பதைக் கண்டு எழுந்து நின்றுவிட்டேன். அதுவேதான். கே.கே.எஸ். வீதியில் புத்தகக் கொப்பிகளைக் கரியரில் செருகிக்கொண்டு நாங்கள் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். வாகனம் வராத வீதியில் மட்டுமே அது முடியும். பின்னேரம் திரும்பும்போது அதே சோளகம் முதுகில் கைவைத்துத் தள்ளும். அப்போது எல்லாரும் ஒரே வரிசையில், வீதியின் முழு அகலத்துக்கும்.

வடமராட்சியிலிருந்து வருகிறவர்களுக்கு எங்கள் பாடெல்லாம் ஒன்றுமில்லை. அவர்களுக்கு வல்லை வெளி இருந்தது. மரமும் வீடும் இல்லாத உப்புவெளியில் காற்று தன் பாட்டுக்கு அடிக்கும். அங்கே தனியாக ஓடுகிறவன் இறங்கி உருட்டத்தான் வேண்டும். அதனால் வெளி தொடங்குகிற இடத்தில் முன்பின் தெரியாதவர்களும் ஆளுக்காகக் காத்து நிற்பார்களாம். நான்கைந்து சைக்கிள் சேர்ந்ததும் புறப்படுவார்கள். வெளி முடிந்ததும் "போட்டு வாறன்" என்று பிரிவார்கள். பெயர் கேட்பதில்லை. கல்லுண்டாய் வெளியில் நானும் அப்படி முகம் தெரியாத ஒரு பெரியவரின் மறைப்பில் ஓடியிருக்கிறேன். மானிப்பாய்ப் பக்கம் திரும்பும்போது அவர் திரும்பிப் பார்த்து, "இனி மரம் இருக்குது, பயமில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பேச்சுக்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. மூன்று பேர் சமாந்தரமாக ஓடினால் நடுவில் ஓடுகிறவனுக்கு இரண்டு பக்கமும் கேட்கும். ஓரத்தில் ஓடுகிறவர்கள் அவனைத் தாண்டித்தான் ஒருவரோடொருவர் பேச வேண்டும். எதிரே ஒரு மாட்டுவண்டி வந்தால் வரிசை குலையும், கதை அறுந்துபோகும். வண்டி போனதும் மறுபடி சேர்ந்து, "ஓ, பிறகு?" என்று அறுந்த இடத்தில் பிடிப்போம். முன்வரிசையில் பேசியது பின்வரிசைக்குப் போய்ச் சேரும்போது கொஞ்சம் மாறியிருக்கும். இரவு தமிழோசையில் சொன்னது, யாருடைய மாமா கிளாலிக் கடல்நீரேரியால் வந்து சேர்ந்தார், கொழும்பிலிருந்து யாருக்குக் கடிதம் வந்தது, சேதன இரசாயனத்தில் விடுபட்ட சமன்பாடு. எல்லாம் அந்த ஆறேழு கிலோமீற்றருக்குள். முகத்தைப் பார்க்காமல் பேசுவது பதினேழு வயதுப் பெடியனுக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்று இப்போது என் பிள்ளைகளைப் பார்க்கும்போது புரிகிறது. மேசைக்கு எதிரே உட்காரவைத்துக் கேட்டால் வாய் திறக்காதவன், இருவரும் முன்னால் வீதியைப் பார்த்துக்கொண்டு மிதிக்கும்போது எல்லாவற்றையும் சொல்லிவிடுவான்.

எங்கள் கூட்டத்தில் ஒருவனுக்கு அண்ணன் இறந்துபோனார். செத்த வீடு முடிந்து அவன் மறுபடி பள்ளிக்கூடத்துக்கு வந்த நாளில் நாங்கள் யாரும் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை. ஆனால் அவனை நடுவில் விட்டோம். அதற்கு முன் அவன் எப்போதும் ஓரத்தில், வேகமாக ஓடுகிறவன். அன்றிலிருந்து பல வாரங்கள் இரண்டு பக்கமும் ஆள் இருக்கும்படி ஓடினோம். யாரும் பேசி வைத்துக்கொண்டு செய்ததல்ல. ஒருநாள் தாவடிக்குக் கிட்ட அவனாகவே அண்ணனைப் பற்றிப் பேசத் தொடங்கினான். நகரம் வரும்வரை பேசினான். அன்று நாங்கள் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி, பெருமாள் கோயில், சத்திரத்துச் சந்தி என்று ஓடிக்கொண்டே இருந்தோம்.

கூட்டமாக ஓடுவதில் கைத்தொழில் நுணுக்கங்களும் உண்டு. களைத்தவனின் முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு ஓடுவது. ஒரு கையால் தன் ஹாண்டிலையும் மற்றக் கையால் ஆளில்லாத இன்னொரு சைக்கிளையும் பிடித்துக்கொண்டு ஓடுவது. டபிள்ஸ் போகும்போது கரியரில் இருப்பவனும் பெடலில் காலைச் சேர்த்து இருவருமாக மிதிப்பது. இருட்டிவிட்டால் டைனமோ வேலை செய்கிற ஒரே சைக்கிளை முன்னால் விட்டு, மற்றவர்கள் அதன் பின்னால் ஓடுவது. முன்னால் போகிறவன் "கிடங்கு, இடப்பக்கம்!" என்று கத்துவான். அது ஒவ்வொரு வாயாகக் கடைசிவரை போகும். ஷெல் விழுந்த கிடங்குகளும், மழையில் அரித்த கிடங்குகளும் நிறைந்த வீதி. தார் போட அந்த ஆண்டுகளில் யாரிடம் தார் இருந்தது?

ஹெலியின் சத்தம் கேட்டால் எல்லாம் ஒரு நொடியில் கலையும். சைக்கிள்களை அப்படியே வேலியோரம் சாய்த்துவிட்டு வாய்க்காலுக்குள், மதகுக்குள், யாருடைய வளவு பங்கருக்குள் என்றாலும் பாய்வோம். 'சகடை' என்று நாங்கள் கூப்பிட்ட குண்டுபோடும் விமானம் மெதுவாக இரைந்துகொண்டு வரும். பொம்பர் என்றால் சத்தம் வருமுன் ஆள் வந்துவிடும். எழும்பி வந்து முதலில் செய்வது எண்ணிப் பார்ப்பது. எத்தனை சைக்கிள், எத்தனை பேர். பிறகு ஒருவன் மற்றவனின் சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிடுவான். மறுபடி ஏறி ஓடுவோம். முதல் சில நிமிடம் யாரும் பேசமாட்டார்கள். ஆனால் நெருக்கமாக ஓடுவார்கள்.

ரயருக்கும் ரியூபுக்கும் தட்டுப்பாடு. புது ரயர் வாங்குவது ஒரு குடும்பத்தின் பெரிய செலவு. வெடித்த ரயருக்குள் பழைய ரயர்த் துண்டை வெட்டி வைத்துத் தைத்து ஓடினோம். சில்லு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை 'தொக்' என்று தூக்கிப்போடும். பின்னால் வருகிறவன் அந்தத் தொக்கை வைத்தே யாருடைய சைக்கிள் என்று சொல்லிவிடுவான். ஒட்டுக்கு மேல் ஒட்டு. சைக்கிள் கடை அண்ணை ரியூபைத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமுக்கிப் பார்த்துவிட்டு, "இதிலை இனி ஒட்ட இடமில்லையடா தம்பி" என்பார். பிறகும் ஒட்டித் தருவார். அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தை ஓடவைத்தவர்கள் யார் என்று என்னிடம் கேட்டால், ஒவ்வொரு சந்தியிலும் கொட்டிலுக்குள் குந்தியிருந்து ஒட்டுப்போட்ட அந்த அண்ணைமாரைத்தான் முதலில் சொல்வேன். அவர்களுக்கு எங்கேயும் ஒரு நினைவுக்கல் இல்லை. இருக்க வேண்டும்.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் இது முழுமையாகாது. பள்ளிப் பிள்ளைகள் முன்பும் சைக்கிளில் போனார்கள். ஆனால் கலியாணம் கட்டிய பெண், பிள்ளைத்தாய்ச்சி, ஐம்பது வயது ரீச்சர், இவர்கள் சைக்கிள் ஓடுவது தடைக்குப் பிறகுதான் எங்கள் ஊரில் சாதாரணமானது. பின்சில்லில் நூல்வலை பின்னிய லேடீஸ் சைக்கிளில், சேலையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, முன்கூடையில் மரக்கறியும் கரியரில் பிள்ளையுமாக அம்மாமார் சந்தைக்கு ஓடினார்கள். என் அம்மா நாற்பதைத் தாண்டிய பிறகு எங்கள் ஒழுங்கையில் பழகினார். சின்னம்மா சீற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவர, படலைகளில் நின்ற பெண்கள் எல்லாரும், "நேர பாருங்கோக்கா, கீழை பாக்காதேங்கோ!" என்று கத்தினார்கள். அடுத்த ஆண்டு அவர் அயல் பெண்கள் மூன்று நான்கு பேரோடு கூட்டாக நல்லூருக்கே போய்வந்தார். திருவிழா நடக்கும் 25 நாளும் நல்லூரைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளில் ஒவ்வொரு வளவும் சைக்கிள் நிறுத்துமிடம் ஆகிவிடும். இலக்கமிட்ட மட்டைத் துண்டின் ஒரு பாதியை ஹாண்டிலில் கட்டி மறுபாதியைக் கையில் தருவார்கள். அந்தத் துண்டை அம்மா சேலைத் தலைப்பில் முடிந்துவைத்திருந்தது ஞாபகம். யாரிடமும் கேட்காமல், யாருக்காகவும் காத்திராமல் அவர் முதன்முதலில் போய்வந்த தூரம் அது. போர் தந்தது என்று அதைச் சொல்ல மனம் ஒப்பவில்லை. அவர்களாக எடுத்துக்கொண்டது.

ரியூசன் கொட்டில்களின் முன்னால் பின்னேரங்களில் நிற்கும் சைக்கிள்களைப் பார்க்க வேண்டும். கிடுகுக் கூரை, அரைச்சுவர், வாங்குகள். உள்ளே இருநூறு பேர் என்றால் வெளியே இருநூறு சைக்கிள்கள் ஒன்றில் ஒன்று சாய்ந்தபடி. வகுப்பு விட்டதும் பெட்டைகள் ஒரு கூட்டமாக முன்னால் போவார்கள். பெடியள் ஒரு கூட்டமாகப் பின்னால். நடுவில் எப்போதும் ஒரு மரியாதையான தூரம். அந்தத் தூரத்தைக் குறைக்காமல், கூட்டாமல், கோயில் வீதியிலிருந்து திருநெல்வேலிச் சந்தி வரை ஓடுவது ஒரு தனிக்கலை. அப்படி ஓடியவர்களில் சிலர் இன்று பேரப்பிள்ளை கண்டிருக்கிறார்கள்.

கிளாலிப் பாதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதை விரித்துச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. தெற்கே போக வேண்டியவர்கள் கொடிகாமம் கடந்து கிளாலிக்கரைக்குக் கூட்டமாகப் போய், இருட்டில் சைக்கிளோடு வள்ளத்தில் ஏறிக் கடல்நீரேரியைக் கடந்து, மறுகரையில் இறங்கி வன்னிக்கு ஓடினார்கள். தனியாகப் போகாதே, ஆளோடு போ என்று வீட்டில் சொல்லி அனுப்புவார்கள். நீரேரியில் கடற்படையின் தாக்குதலில் பலர் திரும்பிவரவில்லை. அவர்களோடு போன சைக்கிள்களும்தான்.

1995 ஒக்ரோபர் 30. இராணுவம் வலிகாமத்துக்குள் முன்னேறிக்கொண்டிருந்தது. எல்லாரும் வெளியேற வேண்டும் என்று புலிகள் மாலையில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஓர் இரவுக்குள் நான்கைந்து இலட்சம் சனம் செம்மணி வீதிக்கும் கோப்பாய் வீதிக்கும் வந்தது. மழை. நாவற்குழிப் பாலம் ஒடுங்கியது. சைக்கிளில் ஏறி ஓட இடமே இல்லை. ஒவ்வொரு சைக்கிளிலும் ஒரு வீடு கட்டப்பட்டிருந்தது: கரியரில் மூட்டை, பாரில் பாட்டி, ஹாண்டிலின் இரண்டு பக்கமும் சட்டிபானை. வழக்கமாக அரை மணித்தியாலத்தில் ஓடுகிற தூரம் விடிய விடிய நீண்டது. நாங்கள் கூட்டமாக ஓடிப் பழகிய அதே பெடியள் அந்த இரவில் ஒருவரையொருவர் தேடிப் பிடித்தோம். மூன்று சைக்கிளைப் பக்கத்துப் பக்கமாக அணைத்து உருட்டினோம், நடுச் சைக்கிளில் ஒருவனுடைய நடக்கமுடியாத அம்மாச்சி. இரண்டு பக்கமும் இருந்த சைக்கிள்கள் நெரிசலைத் தாங்கிக்கொண்டன. யாரோ பின்னாலிருந்து இடித்தால் மூன்றும் ஒன்றாக ஆடும், ஒன்றாக நிமிரும். விடிந்தபோது நாவற்குழியைத் தாண்டியிருந்தோம். கூட்டத்தில் இருந்த எல்லாரும் சாவகச்சேரிக்கு வந்துசேரவில்லை. சிலர் அங்கிருந்து வன்னிக்குப் போனார்கள், சிலர் வெளிநாட்டுக்கு. பிறகு ஒருநாளும் நாங்கள் முழுக்கூட்டமாக ஓடவில்லை.

1996 சித்திரைக்குப் பிறகு சனம் திரும்பியபோது வீதி வேறு ஆளிடம் இருந்தது. சந்திக்குச் சந்தி சென்றி, அதாவது இராணுவக் காவலரண். சென்றிக்குச் சென்றி இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்து, சைக்கிளை உருட்டிக்கொண்டு நடக்க வேண்டும். தாண்டியதும் ஏறி, அடுத்த சென்றியில் மறுபடி இறங்க வேண்டும். பெடியள் நாலு பேர் சேர்ந்து ஓடினால் மறித்து விசாரிப்பார்கள். நாங்கள் தனித்தனியாக, இடைவெளி விட்டு ஓடப் பழகினோம். பேச்சு நின்றது அப்போதுதான்.

பெண்பிள்ளைகளுக்கு நேர்மாறாக நடந்தது. 1996 செப்டெம்பர் 7ஆம் திகதி, சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருசாந்தி குமாரசாமி உயர்தர இரசாயனவியல் பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் கைதடி வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். செம்மணியில் இராணுவச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டார். தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் திரும்பவில்லை. நால்வரும் கொல்லப்பட்டார்கள். 1998இல் அந்த வழக்கில் இராணுவத்தினருக்குத் தண்டனை விதிக்கப்பட்டபோதுதான் செம்மணிப் புதைகுழிகளைப் பற்றிய சாட்சியம் வெளியே வந்தது. என் தங்கச்சி அப்போது உயர்தர வகுப்பு. அந்தச் செய்திக்குப் பிறகு எங்கள் பகுதியில் ஒரு பிள்ளைகூடத் தனியாக ஓடவில்லை. சென்றிக்கு முன்னால் நின்று, பின்னால் வருகிற பிள்ளைகளும் சேர்ந்த பிறகுதான் ஒன்றாக இறங்கி உருட்டிக்கொண்டு போனார்கள். தாண்டியதும் கடைசிப் பிள்ளை வரும்வரை ஒருவரும் ஏறவில்லை. வல்லை வெளியில் காற்றுக்காகச் செய்ததை அவர்கள் துப்பாக்கிக்கு முன்னால் செய்தார்கள். நான் குளப்பிட்டிச் சந்தியில் காத்து நிற்பேன். தூரத்தில் வெள்ளைச் சட்டைகள் கூட்டமாக வருவது தெரிந்தால்தான் மூச்சு வரும்.

2002இல் தெற்கோடு இணைக்கிற ஏ9 வீதி திறந்தது. முதலில் வந்து குவிந்தவை மோட்டார் சைக்கிள்கள். 2009க்குப் பிறகு இன்னும் கூடின. வீதிகள் அகலமாக்கப்பட்டு வழுவழுப்பாகின. அதைக் குறைசொல்ல எனக்கு உரிமை இல்லை. பன்னிரண்டு ஆண்டு ஒரு போத்தல் பெற்றோலுக்கு ஏங்கிய சனம், கர்ப்பிணியைக் கரியரில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன சனம், எஞ்சின் கைக்கு வந்ததும் சைக்கிளைத் தாழ்வாரத்தில் சாத்திவிட்டது. வேறெப்படி இருக்க முடியும்? நாங்கள் சைக்கிளைத் தேர்ந்தெடுக்கவில்லை. அது எங்கள் மேல் சுமத்தப்பட்டது.

ஆனாலும் வேறு நாடுகளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது நெதர்லாந்து அந்த நவம்பரில் காரில்லாத ஞாயிற்றுக்கிழமைகளை அறிவித்தது. வீதிகளில் பிள்ளைகள் விபத்தில் சாவதை எதிர்த்துப் பெற்றோர் இயக்கம் நடந்துகொண்டிருந்த காலம் அது. தட்டுப்பாடு முடிந்த பிறகும் சைக்கிளுக்கான இடத்தை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. கியூபாவில் சோவியத் எண்ணெய் நின்ற 1990களின் தொடக்கத்தில், சரியாக எங்கள் தடைக்காலத்தில், அரசாங்கம் சீனாவிலிருந்து பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட சைக்கிள்களை இறக்கியது. எங்களுக்கு ரியூப் ஒட்டும் சொலூசன்கூட எளிதில் கிடைக்கவில்லை. அப்படியிருந்தும் ஒரு நகரம் முழுதாக ஓடியது. அந்த அறிவை நாங்கள் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எந்த வீதித் திட்டத்திலும் அது சேரவில்லை.

2022இல் நாடு முழுவதும் எரிபொருள் இல்லாமல் போனபோது அது திரும்பிவந்தது. கொழும்பில் சனம் நாட்கணக்கில் வரிசையில் நின்ற அந்த மாதங்களில் இங்கே தாழ்வாரங்களிலிருந்து பழைய லுமாலா சைக்கிள்கள் இறங்கின. சைக்கிள் கடைகளில் மறுபடி கூட்டம். வங்கி வேலைக்காரர், ரீச்சர்மார், பெரிய வகுப்புப் பெடியள் எல்லாரும் கே.கே.எஸ். வீதியில். அந்த வீதியில் இரண்டு பேர் பக்கத்துப் பக்கமாகப் பேசிக்கொண்டு போவதை நான் பல ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தேன். என் மகன் ஒரு பின்னேரம் வீட்டுக்கு வந்து, "அப்பா, இண்டைக்கு எல்லாரும் ஒண்டா வந்தனாங்கள்" என்றான். மோட்டார் சைக்கிளில் அவன் தினமும் அதே ஆட்களோடுதான் போய்வந்தான். அதை அவன் ஒருநாளும் 'ஒன்றாக வருவது' என்று சொன்னதில்லை.

எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்தது, பெற்றோல் வந்தது, வீதி மறுபடி எஞ்சின்களுக்குப் போனது. இப்போது காலையில் பள்ளிப் பிள்ளைகள் ஒற்றை வரிசையில், வெள்ளைக் கோட்டுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே, ஒருவர் முதுகை மற்றவர் பார்த்தபடி ஓடுகிறார்கள். பேச முடியாது. பின்னாலிருந்து பஸ் கோர்ன் அடிக்கிறது.

வீதி அகலிப்பைப் பற்றிக் கூட்டங்கள் நடக்கும்போதெல்லாம் நான் போய் ஒரே விஷயத்தைக் கேட்கிறேன். சைக்கிளுக்கென்று ஒரு ஒடுங்கிய கீற்றைக் கீறிவிட்டு முடித்துவிடாதீர்கள். நெதர்லாந்தில் இருவர் பக்கத்துப் பக்கமாக ஓடுவதற்குச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. அதற்கு ஏற்ற அகலத்தில் பாதை போடுகிறார்கள். எங்களுக்கும் இரண்டு மீற்றர் வேண்டும். காங்கேசன்துறை வீதியில் முழுவதும் முடியாவிட்டால், தட்டாதெருச் சந்தியிலிருந்து கொக்குவில் வரை முதலில் செய்யுங்கள். பள்ளிக்கூடங்கள் அந்தத் துண்டில்தான் இருக்கின்றன. கூட்டத்தில் இருக்கிற பொறியியலாளர் தம்பி ஒருவர் கடைசியாக என்னிடம், "ஒரு மீற்றர் போதாதோ அண்ணை?" என்று கேட்டார். போதாது. ஒரு மீற்றரில் ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போய்ச்சேரும். இரண்டு மீற்றர் இருந்தால்தான் இரண்டு பிள்ளைகள் பேசிக்கொண்டு போவார்கள்.